கிழவன் சேதுபதியும் திருமயம் கோட்டையும்

ஊர்ப்பெயரின் ஈற்றில் கோட்டை என்னும் சொல்லைச் சுமந்து நிற்கும் ஊர்கள் நம் வட்டாரத்தில் பல. புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை, பட்டுக்கோட்டை, தேவகோட்டை என அடுக்கிக்கொண்டே போகலாம். நம் வல்லத்திராக்கோட்டையும் அவ்வரிசையில் ஒன்று. ஆனால் மதிலும் அகழியும் கொத்தளமும் பீரங்கி மேடையுமாக ஒரு கோட்டையைக் கண்ணாரக் காண விரும்பினால், புதுக்கோட்டைக்குத் தெற்கே சுமார் 20 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள திருமயத்திற்குத்தான் நாம் செல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவியர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். கோட்டையின் பெயரைக் கேட்டேன். ஊமையன் கோட்டை என ஒருமித்த குரலில் விடை வந்தது. கட்டியவர் யார் எனக் கேட்டேன். அதற்கும் ஊமையன் என்றே விடை வந்தது. வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இக்கோட்டையில் ஒளிந்திருந்தார் என்றும், சிறை வைக்கப்பட்டார் என்றும் செவிவழிச் செய்திகள் உண்டு. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799ஆம் ஆண்டு. ஊமைத்துரை தூக்கிலிடப்பட்டது 1801ஆம் ஆண்டு. கோட்டையோ 1687ஆம் ஆண்டில் எழுந்தது. நூறாண்டுக்கும் மேற்பட்ட இந்த இடைவெளியில், கட்டியவன் பெயர் கரைந்துபோய், வந்து தங்கியதாகச் சொல்லப்படுபவன் பெயர் நிலைத்துவிட்டது. வீரனுக்கு மக்கள் அளித்த மரியாதையைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அம்மதிலுக்கு உரியவனின் வரலாற்றை எழுதிவைக்க வேண்டும் என்னும் எண்ணம் அன்று முதல் என்னுள் இருந்துவந்தது. வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது வேறு பொருள் தேடத் தோன்றவில்லை.

இரகுநாத சேதுபதி என்பது அவர் பெயர். வரலாறு அவரைக் கிழவன் சேதுபதி என்றே அறியும். முதிர்ந்த வயதில் பட்டத்திற்கு வந்தமையால் இப்பெயர் பெற்றார் என்பர் சிலர். நெடுங்காலம் ஆண்டு முதியவராய் மறைந்தமையால் வந்தது என்பர் வேறு சிலர். தமிழ் பயிற்றுவிப்பவளாகிய எனக்கு இதில் மற்றொன்றும் தோன்றுவதுண்டு. கிழமை என்றால் உரிமை. கிழவன் என்றால் உரிமையுடையவன், தலைவன். அகப்பொருள் இலக்கணத்தில் கிழவனும் கிழத்தியும் முதியோர் அல்லர் என்பதை நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறவர் நாட்டின் உரிமையை மதுரையிடமிருந்து மீட்டவருக்கு, எவ்வாறு வந்திருப்பினும், அப்பெயர் பொருந்தியே நிற்கின்றது.

சேதுவைக் காப்பவர் சேதுபதி. இராமேசுவரத்திற்குச் செல்லும் பயணிகளுக்கு வழித்துணையாய் நின்ற மறவர் குடித்தலைவர்களை, 1605ஆம் ஆண்டளவில் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் முறையாக அங்கீகரித்தார். சடைக்கத் தேவர் அவ்வகையில் முதல் சேதுபதியானார். அவர்களது தலைநகர் போகலூர். திருமலை சேதுபதி காலத்தில் அரசு வலிமை பெற்றது. அவருக்குப்பின் பட்டமேறியவர்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. அந்தக் குழப்பத்திற்கிடையே, 1670களில் இரகுநாதர் அரியணை ஏறினார். அன்று சேதுபதி என்பவர் மதுரைக்குக் கட்டுப்பட்ட ஒரு பாளையத் தலைவரே. மதுரைப் படைக்கு ஆள் அனுப்புவதும் அழைத்தபோது செல்வதும் அவர் கடமை.

அக்கடமையை அவர் முதலில் சரிவரவே செய்தார். மதுரை நாயக்கரான சொக்கநாதர் அக்காலத்தில் திருச்சிராப்பள்ளியில் இருந்து ஆண்டுவந்தார். மைசூர் ஒருபுறமும் மராட்டியர் மறுபுறமும் நெருக்கிய அந்நாளில், ருஸ்தம்கான் என்னும் குதிரைப்படைத் தலைவன் கோட்டைக்குள்ளேயே அதிகாரத்தைக் கைப்பற்றி, மன்னரைச் சிறைக்கைதிபோல் வைத்திருந்தான். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. ருஸ்தம்கானை வீழ்த்திச் சொக்கநாதரை விடுவித்ததில் கிழவன் சேதுபதிக்குப் பெரும் பங்கு உண்டு. பரராஜகேசரி, அதாவது பிற மன்னர்க்குச் சிங்கம் போன்றவன் என்னும் பட்டத்தைச் சொக்கநாதர் அவருக்கு அளித்தார். 1682ஆம் ஆண்டில் சொக்கநாதர் மறைந்தார். தலைவனையே மீட்டுத் தந்தவன் இனி யாருக்கு அடங்கி நடப்பான்? பட்டம் கொடுத்த கை தளர்ந்திருந்தது என்பதை நேரில் கண்டு திரும்பியவர் சேதுபதி. அவருடைய பிற்காலச் செயல்களுக்கெல்லாம் வித்து திருச்சியில் விழுந்தது என்றே நான் கருதுகின்றேன்.

போகலூரை விட்டுத் தலைநகரை இராமநாதபுரத்திற்கு மாற்றியவர் இவரே. அங்கு மண்கோட்டையாக இருந்ததைக் கற்கோட்டையாக்கினார். சுற்றிலும் அகழி வெட்டுவித்தார். உள்ளே இராமலிங்க விலாசம் என்னும் அரண்மனையை எழுப்பினார். இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக விளங்கும் அம்மாளிகைக்குள் செல்பவர் முதலில் காண்பது ஓர் உயர்ந்த மேடைக் கட்டடம்; அகன்ற படிகள்; வரிசை வரிசையாகப் பருத்த தூண்கள். சுவர்களையும் விதானத்தையும் நிறைத்திருக்கும் வண்ண ஓவியங்கள் அவருக்குப் பின் ஆண்ட முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. கட்டடம் கிழவனுடையது, அதன் கதை சொல்லும் சுவர்கள் அடுத்தவருடையவை.

இக்கட்டடப் பணிகளில் அவருக்குத் துணை நின்றவர் கீழக்கரை வணிகர் ஒருவர். பெரியதம்பி மரைக்காயர் என்பது அவர் பெயர். செய்கு அப்துல் காதிர் என்பது இயற்பெயர். சீதக்காதி என்றால்தான் நம்மவர்க்குத் தெரியும். இறந்த பின்னும் கொடுத்தவர் எனப் பழமொழியில் வாழ்பவர் அவரே. கப்பல்களும் பண்டகசாலைகளும் உடைய அவ்வணிகர் சேதுபதியின் நெருங்கிய நண்பராகவும் அரசியல் துணைவராகவும் விளங்கினார். சேதுபதி தம் பட்டப்பெயராகிய விஜயரகுநாதன் என்பதையே அவருக்கு வழங்கினார். அதனால் அவர் விஜயரகுநாதப் பெரியதம்பி மரைக்காயர் எனப்பட்டார். இந்து மன்னர் ஒருவர் முகமதிய வணிகருக்குத் தம் பெயரையே பரிசாகத் தருவது வெறும் சடங்கன்று. தூத்துக்குடியை 1658ஆம் ஆண்டில் போர்த்துகீசியரிடமிருந்து பறித்துக்கொண்ட டச்சுக்காரர், முத்தும் சங்கும் விளையும் கடல் முழுவதையும் தம் பிடிக்குள் கொணர முயன்ற காலம் அது. அவர்களுக்கு எதிர்நிற்கக் கடலறிந்த ஒருவர் மன்னருக்குத் தேவைப்பட்டார். கரையில் பாதுகாப்புத் தரும் ஒருவர் வணிகருக்குத் தேவைப்பட்டார். தேவையில் தொடங்கியது நட்பாக முதிர்ந்தது. கீழக்கரையில் தூண்களும் போதிகைகளும் கோயில் மண்டபத்தை நினைவூட்டும் கற்பள்ளிவாசல் ஒன்றைச் சீதக்காதி கட்டினார். அரண்மனையும் பள்ளிவாசலும் ஒரே மரபின் கல்தச்சுத் திறத்தைக் காட்டி நிற்பதை இரண்டையும் பார்த்தவர் உணர்வர்.

கவிஞர்கள் மலராகையால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் தூண்டுகோலாய் இருந்தவர் சீதக்காதி. நூல் முற்றுப்பெறுமுன் அவர் மறைந்துவிட, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவு தந்தார். படிக்காசுப் புலவரும் சீதக்காதியின் கொடையைப் பாடியவர். இப்புலவர்களுக்குக் கொடுத்த கை மரைக்காயருடையது. அக்கை அச்சமின்றிக் கொடுக்கத்தக்க நாட்டை வைத்திருந்தவர் சேதுபதி. புரவலர் வரலாறு எழுதுவோர் பின்னதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். புதுக்கோட்டைப் பகுதியை அந்நாளில் பல்லவராயர்கள் ஆண்டுவந்தனர். வடக்கே தஞ்சை மராட்டியர், தெற்கே சேதுபதி, இடையில் இவர்கள். தஞ்சையின் பக்கம் சாய்வு கொண்ட ஒருவர் தம் வடக்கு வாயிலில் இருப்பதைச் சேதுபதி விரும்பவில்லை. கறம்பக்குடித் தொண்டைமான் குடியில் பிறந்த காத்தலி நாச்சியாரை அவர் மணந்திருந்தார். அவ்வம்மையாரின் உடன்பிறந்தவர் இரகுநாதத் தொண்டைமான், சேதுபதியின் படையில் பணியாற்றித் திறம் காட்டியவர். பல்லவராயரை நீக்கி, 1686ஆம் ஆண்டில் மைத்துனரைப் புதுக்கோட்டைக்கு அதிபதியாக்கினார் சேதுபதி. 1948ஆம் ஆண்டு வரை நீடித்த தொண்டைமான் அரசு இவ்வாறு ஒரு திருமண உறவில் தோன்றியது. காத்தலி நாச்சியாரின் பெயரை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

அடுத்த ஆண்டில், 1687இல், திருமயம் கோட்டை எழுந்தது. இவ்விரண்டு ஆண்டுகளும் ஒட்டி நிற்பதைத் தற்செயல் என்று நான் கொள்ளவில்லை. மைத்துனருக்கு நாட்டைத் தந்தவர், அந்நாட்டின் தென் எல்லையில் தம் கையிலேயே ஒரு கோட்டையை வைத்துக்கொண்டார். அன்பும் எச்சரிக்கையும் ஒரே ஆளிடம் இருந்தன.

கோட்டையை விஜயரகுநாத சேதுபதி கட்டினார் எனப் பல நூல்களில் காண்கிறோம். அப்பெயருடன் நன்கறியப்பட்டவர் அடுத்த மன்னர். அவர் பட்டமேறியது 1710ஆம் ஆண்டில். 1687இல் அரியணையில் இருந்தவர் கிழவனே. விஜயரகுநாதன் என்பது அவர் தம் நண்பருக்கே வழங்கிய பட்டம் என்பதை மேலே கண்டோம். ஆகவே ஆண்டைக் கொண்டு பார்த்தால் கோட்டை கிழவனுடையது என்பதே என் துணிபு. ஒரே பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சூடிக்கொள்ளும் அரச மரபினர் ஆராய்ச்சியாளரைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமன்று!

திருமயத்தின் பழம்பெயர் திருமெய்யம். குன்றின் தென்புறச் சரிவில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகருகே குடைவரைக் கோயில்கள் உள்ளன. பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளின் பேருருவம் பாறையிலேயே செதுக்கப்பட்டது. திருமங்கையாழ்வார் பாடிய தலம். சைவர்க்கும் வைணவர்க்கும் நேர்ந்த வழக்கு கி.பி. 13ஆம் நூற்றாண்டில் போசளத் தளபதி அப்பண்ணர் முன்னிலையில் தீர்க்கப்பட்டதைக் கூறும் கல்வெட்டும் இங்குண்டு. ஆக, கோட்டை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குன்று பெரும் சிறப்புப் பெற்றிருந்தது. சேதுபதியின் கட்டடக்காரர் அக்கோயில்களை அசைக்காமல் குன்றையே கோட்டையாக்கினர்.

ஒன்றனுள் ஒன்றாய் ஏழு சுற்று மதில்கள் இருந்தன. வெளிச்சுற்றுகள் பலவிடங்களில் அழிந்துவிட்டன. ஊர் அவற்றினுள்ளும் புறமும் வளர்ந்துவிட்டது. சுற்றிலும் அகன்ற அகழி. வடக்கிலும் தெற்கிலும் தென்கிழக்கிலும் வாயில்கள். தெற்கு வாயில் வழியே நுழைவோர் அனுமன், கணபதி, கருப்பர் ஆகியோரின் சன்னிதிகளைக் கடந்தே உள்ளே போக வேண்டும். வடக்கு மதிலில் வெளிநோக்கி நிற்கும் கோட்டைப் பைரவர் இன்றும் காரைக்குடிச் சாலையில் செல்லும் வண்டிகளை நிறுத்தி வணக்கம் பெறுகின்றார். மதில்கள் பாறையின் போக்கிற்கேற்ப வளைந்து செல்கின்றன. கீழே கல், மேலே செங்கற்கட்டு, அதில் துப்பாக்கி நீட்டுவதற்குரிய துளைகள். நேர்க்கோட்டில் ஓடும் சுவரைவிட வளைந்த சுவர் பீரங்கிக் குண்டின் வேகத்தைச் சிதறடிக்கும். வெடிமருந்து வந்துவிட்ட காலத்தின் கோட்டை இது என்பதை அவ்வளைவுகளே உணர்த்தும்.

ஏறும் வழியில், குன்றின் இடைப்பகுதியில், பாறையைக் குடைந்து ஆக்கிய சிறிய அறையொன்றில் சிவலிங்கம் மேற்கு நோக்கி அமைந்துள்ளது. இரும்பு ஏணி வழியாகவே அதை அடைய முடியும். வெடிமருந்துக் கிடங்கும் மழைநீர் தேங்கும் சுனையும் வழியில் உண்டு. உச்சியில் மேடை, அதன்மேல் பீரங்கி. அங்கு நின்றால் நாற்புறமும் கண்மாய்களும் பொட்டலும் செம்மண்ணும் தொடுவானம் வரை தெரியும். நெஞ்சுவலி உள்ளவர்கள் ஏற வேண்டா. மற்றவர்கள் காலையிலேயே ஏறிவிடுதல் நலம். வெயில் ஏறினால் பாறை காலைச் சுட்டுவிடும். கோட்டை இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

சப்பான் நாட்டின் இமெஜி கோட்டையைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது எனக்குத் திருமயமே நினைவில் வந்தது. இக்கெடா தெருமாசா என்னும் பெருநிலக்கிழார் 1601 முதல் 1609 வரை அதைப் புதுக்கி எழுப்பினார். அவரும் ஓர் ஆட்சியாளரின் உறவினர். தொக்குகாவா இயெயாசுவின் மகளை மணந்தவர். மணவுறவால் நம்பிக்கை, நம்பிக்கையால் நாடு, நாட்டைக் காக்கக் கோட்டை என்னும் வரிசை கிழக்காசியாவிலும் நம் செம்மண் காட்டிலும் ஒன்றாகவே இருந்திருக்கின்றது. குன்றின்மீது அமைவதும், பகைவன் நேரே ஏறவொண்ணாமல் வழி சுற்றிச் சுற்றிச் செல்வதும், சுவரில் துளைகள் இடுவதும் இரண்டுக்கும் பொது. ஆனால் இமெஜியின் மேன்மாடங்கள் மரத்தாலானவை. தீப்பற்றாதிருக்க வெள்ளைச் சுண்ணச்சாந்து பூசப்பட்டவை. அவ்வெண்மையால் வெண்கொக்கு எனப் பெயர் பெற்றது. 1993ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் காண வருகின்றனர். தெருமாசா எழுப்பியபின் அக்கோட்டை ஒரு பெரும் முற்றுகையையும் சந்திக்கவில்லை. நம் கோட்டையோ சந்தித்தது. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

கிழவன் சேதுபதியின் வாழ்வில் எழுதுவதற்கு எளிதல்லாத பகுதி ஒன்று உண்டு. போர்த்துகல் தலைநகர் லிஸ்பனில் 1647ஆம் ஆண்டில் பிறந்த ஜான் டி பிரிட்டோ என்னும் இயேசு சபைத் துறவி, அருளானந்தர் என்னும் பெயர் பூண்டு, பண்டாரக் கோலத்தில் தமிழகத்தில் சமயப்பணி செய்துவந்தார். 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டுக் கடுந்துன்பத்திற்கு ஆளானார். விசாரித்த சேதுபதி, இனி இந்நாட்டில் போதிக்கலாகாது எனச் சொல்லி அவரை விடுவித்தார். அருளானந்தர் ஐரோப்பா சென்று, 1690இல் திரும்பிவந்து, மீண்டும் மறவர் நாட்டுக்கே வந்தார். அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். புதிய சமய நெறிப்படி ஒரு மனைவியை வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதியின் உடன்பிறந்தார் மகள். அவர் முறையிட, சினம் மூண்டது. அருளானந்தர் ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டப்பட்டார். 1947ஆம் ஆண்டில் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றார். ஓரியூரின் செம்மணல் இன்றும் அவர் குருதி தோய்ந்ததாகப் போற்றப்படுகின்றது.

சேதுபதியைப் போற்றி எழுதுவோர் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அருளானந்தரைப் போற்றி எழுதுவோர் சேதுபதியின் வாழ்விலிருந்து இதை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். தடியத்தேவர் அரியணைக்கு உரிமை கோரத்தக்கவர் என்பதை மறக்கலாகாது. அவர் புதிய சமயத்தின் துணையோடு ஆள் திரட்டினால் என்னாகும் என்னும் அச்சம் மன்னருக்கு இருந்திருக்கும். மசூதி கட்டிய நண்பருக்குத் தம் பெயரையே தந்தவரைச் சமயப்பகை கொண்டவர் எனக் கூற இயலாது. ஆயினும் ஆயுதம் ஏந்தாத துறவி ஒருவரைக் கொன்ற செயலுக்கு அரசியல் காரணம் கற்பிப்பதால் அது நேரியதாகிவிடாது. எவர் மீதும் பழி போடாமல் விலக்கப்பட்ட அப்பெண்களின் நிலையையும் எண்ணிப் பார்க்கின்றேன். ஒருத்தி முறையிட்டாள் என்பது மட்டும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. மற்றவர்கள் என்ன ஆயினர்?

அதன்பின் வந்த ஆண்டுகள் போர்களால் நிறைந்தவை. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் 1702ஆம் ஆண்டில் மறவர் நாட்டின்மீது படை செலுத்தினார். அப்படை தோற்றது. அது முதல் சேதுபதி மதுரைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். தஞ்சையுடன் நடந்த போர்களிலும் வெற்றி அவர் பக்கமே நின்றது; ஆட்சியின் கடைசிப் பகுதியில் அறந்தாங்கிக் கோட்டையும் அவர் கைக்கு வந்தது. புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் இடையே வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. மைத்துனர் ஆண்ட நாடு ஒருபுறம், அவரே வென்ற கோட்டை மறுபுறம். நம் வயல்வரப்புகள் அவ்விரண்டுக்கும் நடுவே கிடந்தன.

1710ஆம் ஆண்டில் கிழவன் சேதுபதி மறைந்தார். அவருடைய ஈமத்தீயில் அவர் மனைவியர் 47 பேர் உடன் மாண்டனர் எனச் சமயத் தொண்டர் எழுதிய கடிதக் குறிப்பு கூறுகின்றது. எண்ணிக்கை கூடலாம், குறையலாம். அரண்மனைக்கும் கோட்டைக்கும் பெயர் தேடிச் செல்லும் நான், இந்த 47 பேருள் ஒருவர் பெயரையேனும் சொல்ல வல்லேன் அல்லேன். இராமலிங்க விலாசத்தின் ஓவியங்களில் மன்னரைச் சூழ்ந்து பெண்டிர் பலர் எழுதப்பட்டிருக்கின்றனர். அவர்கள் பிற்கால மன்னரின் அந்தப்புரத்தினர். எனினும் அச்சுவரின் முன் நின்ற பொழுதெல்லாம் எனக்கு இந்த எண்ணிக்கையே நினைவுக்கு வந்தது. உடன் வந்த மாணவியர் ஓவியத்தின் வண்ணங்களைக் கேட்டுக்கொண்டிருந்தனர். நான் சிறிது நேரம் விடை சொல்லவில்லை.

தமக்குப்பின் பவானிசங்கரர் என்னும் மகன் பட்டமேற வேண்டும் என்பது அவர் விருப்பம். பட்டத்தரசியின் வயிற்றில் பிறந்தவர் அல்லர் என்னும் காரணத்தால் அதை நாட்டவர் ஏற்கவில்லை. விஜயரகுநாதர் அரசரானார். அவர் காலத்துக்குப்பின் உரிமைப்போர் மூண்டது. 1729ஆம் ஆண்டளவில் நாடு பிளவுபட்டு, ஐந்தில் மூன்று பங்கு இராமநாதபுரமாகவும் இரண்டு பங்கு சிவகங்கையாகவும் ஆயின. கிழவன் ஒன்றாக்கிக் காத்தது இருபது ஆண்டுகளுக்குள் இரண்டாயிற்று.

திருமயம் தொண்டைமான் வசமாயிற்று. 1730களில் தஞ்சைத் தளபதி ஆனந்தராவ் புதுக்கோட்டை நாட்டின்மீது படையெடுத்து வந்தபோது, நாட்டின் பெரும்பகுதி அவன் கைக்குப் போயிற்று. அப்போது ஆண்டவர் விஜயரகுநாதராயத் தொண்டைமான். முதல் தொண்டைமானின் பேரர். அவர் தஞ்சம் புகுந்த இடம் திருமயம் கோட்டை. முற்றுகை ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. தம் பாட்டனாருடன் பிறந்த காத்தலி நாச்சியாரின் கணவர் எழுப்பிய மதில்களுக்குள் இருந்தபடி அவர் அவ்வோராண்டையும் தாங்கினார். கோட்டை வீழவில்லை. தஞ்சைப் படை திரும்பிச் சென்றது.